இரண்டு கையெழுத்து விதியும் மூன்று சாவிகளும்: மகளிர் குழு உறுப்பினர்களுக்குப் பண மோசடி பற்றிய எளிய விளக்கம்

மகளிர் சுய உதவிக் குழுவில் சேரும் எவரும் முதல் மாதத்திலேயே ஒரு விதியைத் தெரிந்துகொள்கிறார். குழுவின் வங்கிக் கணக்கிலிருந்து நூறு ரூபாய் எடுப்பதானாலும் ஒருவருடைய கையெழுத்து போதாது. கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, பொறுப்பாளர்களில் இருவர் கையெழுத்திட்டால்தான் வங்கி பணம் தரும். தருமபுரி மாவட்டத்தில் 1989ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் இக்குழுக்கள் உருவாகத் தொடங்கின. அதன் பிறகு எத்தனையோ நடைமுறைகள் மாறிவிட்டன. ஆனால் பணத்தைப் பற்றி ஒருவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை. வங்கி முகவரிடம் கைரேகை வைத்துக் குழுப் பணத்தை எடுக்கும் வசதி வந்தபோதுகூட, இரண்டு பொறுப்பாளர்களின் கைரேகை வேண்டும் என்றே அதை அமைத்தார்கள்.

ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்போம். நம் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணக்கும் இருக்கிறது. நூறு நாள் வேலைக் கூலி, மகளிர் உரிமைத்தொகை, முதியோர் உதவித்தொகை, பால் சங்கத்துப் பணம், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பும் தொகை எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. அந்தக் கணக்கைத் திறக்க ஒருவர் போதும். மோசடிக்காரர்கள் குழுக் கணக்கை விட்டுவிட்டு உறுப்பினரின் கைபேசிக்கு அழைப்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். நண்பகல் நேரம், உறுப்பினர் ஒருவர் சமையல் வேலையில் இருந்திருக்கிறார். அழைத்தவன் மரியாதையாகத் தமிழில் பேசியிருக்கிறான். "உரிமைத்தொகை ஆபீஸ்ல இருந்து பேசுறோம்மா. உங்க கணக்குல ஒரு சரிபார்ப்பு பாக்கி இருக்கு. இன்னைக்குள்ள முடிக்கலைன்னா இந்த மாசத்துல இருந்து ஆயிரம் ரூபாய் நின்னுடும். ஏடிஎம் கார்டை எடுத்துட்டு வாங்க." அவர் அடுப்பை அணைத்துவிட்டு, அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து வந்திருக்கிறார். முன்பக்கத்தில் இருக்கும் 16 இலக்கங்களைப் படிக்கச் சொன்னான், படித்தார். பின்பக்கத்தில் இருக்கும் மூன்று இலக்கங்களைக் கேட்டான், அதையும் சொன்னார். "இப்ப ஒரு மெசேஜ் வரும்மா, அதுல ஆறு நம்பர் இருக்கும். போனைக் கட் பண்ணாம அதை மட்டும் படிங்க." ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாக, தப்பில்லாமல் படித்திருக்கிறார். ஆடு விற்று வைத்திருந்த 9,000 ரூபாய் போய்விட்டது. அவர் படிக்காதவரல்லர், குழுவின் கணக்கு நோட்டில் கூட்டல் பிழையைக் கண்டுபிடிப்பவரே அவர்தான்.

ஏமாந்தது அவருடைய அறியாமையால் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அழைப்பவரின் குரலையும் பேச்சையும் வைத்து அவர் நல்லவரா கெட்டவரா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அது யாராலும் முடியாத காரியம். காவல்துறையில் வேலை பார்த்தவர்களும் வங்கியில் வேலை பார்த்தவர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள். அதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. பேசுவது யார் என்பதை விட்டுவிட்டு, அவர் நம்மிடம் கேட்பது என்ன என்று மட்டும் கவனிக்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் வெளியேறப் பெரும்பாலும் மூன்று சாவிகள்தான் பயன்படுகின்றன: ஓடிபி, பின் எண், கைரேகை. இவற்றில் ஒன்றைக் கேட்கிறார் என்றால், அவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் சரி, கேட்பது பணத்தை எடுப்பதற்காகத்தான்.

முதலில் ஓடிபி. ஒருமுறை மட்டும் செல்லும் கடவு எண் என்பது அதன் பொருள். நமது அட்டையின் எண்களை எங்கேயோ ஒருவர் கணினியில் தட்டிப் பொருள் வாங்க முயலும் அதே நொடியில், "இதைச் செய்வது நீங்கள்தானா?" என்று வங்கி நம்மிடம் கேட்கும் கேள்விதான் அந்த ஆறு இலக்க எண். அதைப் பிறருக்குச் சொல்வது, வங்கி கேட்ட கேள்விக்கு "ஆம், நான்தான், பணத்தைக் கொடுங்கள்" என்று நாமே பதில் சொல்வதற்குச் சமம். ஆகவே நாம் எதையும் வாங்காத நேரத்தில் ஓடிபி வந்தால், யாரோ ஏற்கெனவே நம் வாசலில் நிற்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் செய்தியிலேயே எவ்வளவு தொகை, எந்தக் கடைக்குப் போகிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் நாம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தாண்டிவிடுகிறோம். டெபிட் என்ற சொல் இருந்தால் பணம் போகிறது, கிரெடிட் என்ற சொல் இருந்தால் பணம் வருகிறது. இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களின் வடிவத்தையாவது எழுத்துக்கூட்டி ஒவ்வொரு உறுப்பினருக்கும் கூட்டத்தில் காட்டிவிட வேண்டும். எங்கள் குழுவில் பள்ளிக்குப் போகும் பேத்தி ஒருத்தி இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது சாவி யுபிஐ பின் எண். தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016இல் கொண்டுவந்த இந்த முறையைத்தான் நாம் ஜீபே, போன்பே என்று செயலியின் பெயரால் அழைக்கிறோம். நான்கு அல்லது ஆறு இலக்கம் கொண்ட இந்தப் பின் எண்ணை நாமே வைக்கிறோம். வங்கி மேலாளருக்கும் அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பணம் அனுப்பும்போதும் இருப்பைப் பார்க்கும்போதும் மட்டுமே செயலி அதைக் கேட்கும். பணம் வந்து சேர எந்தப் பின் எண்ணும் தேவையில்லை, எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, எதையும் அழுத்தத் தேவையில்லை. நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் நமக்கு வரவேண்டிய பணம் வந்துவிடும். "பரிசுத்தொகை அனுப்புகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் நம்மைப் பணம் அனுப்பச் சொல்கிறார்.

முன்பு ஒருவர் இன்னொருவரிடம் செயலி வழியாகவே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. பணம் வருவதாக நினைத்து அதை ஏற்றுப் பின் எண்ணைப் போட்டவர்கள் பணத்தை இழந்தார்கள். இதனாலேயே 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையேயான அந்தக் கோரிக்கை வசதி நிறுத்தப்பட்டது. கடைகளும் நிறுவனங்களும் அனுப்பும் கோரிக்கைகள் இன்னும் உண்டு என்பதால், பின் எண் கேட்கும் திரையில் என்ன தொகை, யாருக்கு என்று படித்துப் பார்க்கும் பழக்கம் இப்போதும் வேண்டும்.

இதிலேயே இன்னொரு தந்திரம் நடக்கிறது. "உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். சிறிது நேரத்தில் ஒருவர் அழுதுகொண்டே அழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தவறி அனுப்பிவிட்டதாகவும், திருப்பி அனுப்பும்படியும் கெஞ்சுவார். நம் பெண்களுக்கு மனம் இளகும். அதை நம்பித்தான் அவர் அழுகிறார். செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணாக இருக்கும். வங்கியின் குறுஞ்செய்தி அப்படி வருவதில்லை, அனுப்புநர் இடத்தில் வங்கியின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். எதுவானாலும் குறுஞ்செய்தியை நம்பாமல் இருப்பைப் பார்க்க வேண்டும். உண்மையாகவே தவறி வந்த பணமாக இருந்தால், அனுப்பியவர் தம் வங்கியில் முறையிடட்டும். நாமும் நம் வங்கியில் சொல்லலாம். நேரடியாகத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஓடிபியைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும் வழியும் வந்துவிட்டது. பிரதமரின் கிசான் நிதி என்ற பெயரிலும், போக்குவரத்து அபராதம் என்ற பெயரிலும், ஏன், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும்கூட வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. கோப்பின் பெயர் ஏபிகே என்ற மூன்று எழுத்துகளில் முடியும். பத்திரிகை என்றால் அது படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோதான் இருக்க முடியும். ஏபிகே என்பது கைபேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. அதைத் திறந்து, அது கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளை வேறொருவர் வேறொரு ஊரில் உட்கார்ந்து படிக்க முடியும். அதன் பிறகு ஓடிபியைக் கேட்டு அவர் நம்மை அழைக்க வேண்டியதே இல்லை. தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தது என்பதும் பாதுகாப்பல்ல, ஏனென்றால் அவருடைய கைபேசி ஏற்கெனவே சிக்கியிருந்தால் அவருக்குத் தெரியாமலே அந்தக் கோப்பு எல்லோருக்கும் போகும். தவறித் திறந்துவிட்டால், உடனே கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொருவரின் கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சாவியான கைரேகையைப் பற்றித்தான் கிராமத்தில் அதிகம் பேச வேண்டும். கைபேசியே இல்லாத, ஏடிஎம் அட்டையும் இல்லாத மூதாட்டியின் கணக்கிலும் இந்தச் சாவி வேலை செய்கிறது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் வங்கி முகவரின் சிறு கருவியில் பணம் எடுக்கலாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்க முடியும், ஓடிபி எதுவும் வராது. பேருந்தேறி வங்கிக்குப் போக முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. அந்த உதவியில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முகவரின் மேசையில் நடப்பதைக் கூர்ந்து கவனியுங்கள். மூதாட்டி ஒருவர் உதவித்தொகை எடுக்க வந்து, கண்ணாடித் தகட்டின் மேல் விரலை வைக்கிறார். வயல் வேலையில் தேய்ந்த விரல் என்பதால் சில சமயம் உண்மையாகவே ரேகை விழாது. "விழலம்மா, சேலையில தொடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்பார் முகவர். மீண்டும் வைக்கிறார், பணம் கிடைக்கிறது. நேர்மையான முகவரிடம் இதில் ஒரு குறையும் இல்லை. நேர்மையற்றவராக இருந்தால், முதல் தடவையே ரேகை விழுந்து ஒரு தொகை எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது தடவை எடுத்தது மட்டும்தான் மூதாட்டியின் கைக்கு வரும். கணக்கோடு கைபேசி எண் இணைக்கப்படாமலோ, மாறிப்போன பழைய எண்ணே பதிவில் இருந்தோ விட்டால் குறுஞ்செய்தியும் அவருக்கு வராது. பாஸ்புக்கை அச்சிடும்போதுதான் தெரியும். அதை அச்சிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு மருந்து சிறியது. விரல் வைக்கும் ஒவ்வொரு முறைக்கும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், கருவி தரும் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்; தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் ரசீது உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருடன் குழு உறுப்பினர் ஒருவர் போய் வர வேண்டும். மாதம் ஒருமுறை பாஸ்புக்கை அச்சிட வேண்டும். சிம் அட்டை தருவதாகவோ, இலவசப் பொருள் தருவதாகவோ, கணக்கெடுப்பு என்றோ சொல்லித் தெருவில் கருவியோடு வருபவரிடம் விரலை வைக்கவே கூடாது.

கைரேகையை நேரில் வாங்காமலே திருடியதும் உண்டு. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும், இணையத்தில் கிடைத்த நிலப் பதிவுப் பத்திரங்களின் நகல்களிலிருந்து கைநாட்டை எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் அச்சாக வார்த்து, அதை வைத்துப் பலருடைய கணக்கில் பணம் எடுத்த கும்பல்களைக் காவல்துறை பிடித்திருக்கிறது. ஆதார் ஆணையம் இதற்காகவே கைரேகைப் பூட்டு என்ற வசதியைத் தந்திருக்கிறது. ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ, ஆதாரோடு பதிந்த கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது சிறிது நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். பூட்டியிருக்கும்போது ஆதார் ரேகையைக் கேட்கும் எந்த இடத்திலும் விரல் ஏற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரம்தோறும் ரேகை வைக்க வேண்டியிருப்பவருக்கு இது சிரமமாகலாம். அட்டையாலோ கைபேசியாலோ பணம் எடுக்கத் தெரிந்தவர்கள் பூட்டி வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஐயம் இருந்தால் ஆணையத்தின் 1947 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

சாவியைக் கேட்காமல் வீட்டையே வாடகைக்குக் கேட்பவர்களும் வருகிறார்கள். "உங்க பேர்ல ஒரு கணக்கு தொடங்கி, பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு, சிம்மு மூணையும் குடுங்கக்கா, மூவாயிரம் தர்றேன். உங்க காசு ஒண்ணும் போகாது" என்பார்கள். நம்முடைய காசு போகாது என்பது அந்த நிமிடத்துக்கு உண்மைதான். வேறெங்கோ ஏமாற்றிப் பறித்த பணத்தை அந்தக் கணக்கில் வாங்கி, சில நிமிடங்களில் அடுத்த கணக்குக்கு மாற்றி, எங்கேயோ ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். காவல்துறை தேடிக்கொண்டு வரும்போது முதலில் கிடைப்பது கணக்கின் மேலிருக்கும் பெயர். அதாவது நம் உறுப்பினரின் பெயர். வெளிமாநிலக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பாணை வரும், கணக்கு முடக்கப்படும், கூலிப் பணமும் உரிமைத்தொகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்.

நம் மாநிலத்திலேயே இதை ஒத்த ஒன்று நடந்தது. உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் கிசான் திட்டத்தில், 2020ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், நிலமே இல்லாத பலருடைய ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கித் தரகர்கள் அவர்களை உழவர்களாகப் பதிந்துவிட்டார்கள். வேளாண் துறையின் கடவுச்சொற்கள் வெளியாட்களின் கைக்குப் போயிருந்தன. ஏறத்தாழ 110 கோடி ரூபாய் தகுதியற்றவர்களின் கணக்குகளுக்குப் போனதாக அரசே அறிவித்தது. சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். ஆனால் ஊரில் நடந்தது வேறு. தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, வந்த தொகையைத் திருப்பிக் கட்டும்படி கணக்கு வைத்திருந்தவர்களிடமே அரசு கேட்டது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே பதில் சொல்ல வேண்டும் என்பதை அப்போது ஊர் ஊராகப் பார்த்தோம்.

இதன் தங்கை போல இன்னொன்று குழுக்களுக்குள்ளேயே நுழைகிறது. நுண்கடன் நிறுவனத்தில் நம் பெயரில் கடன் வாங்கித் தன்னிடம் கொடுத்தால், தவணையைத் தானே கட்டிவிடுவதாகவும் நமக்குச் சிறு தொகை தருவதாகவும் தெரிந்த பெண்ணொருவரே கேட்பார். முதல் நான்கு தவணைகள் ஒழுங்காகக் கட்டப்படும். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வாங்கிக் கொடுப்பார்கள். ஒருநாள் அவர் வீடு பூட்டிக் கிடக்கும். கடன் பத்திரத்தில் இருப்பது நம் கையெழுத்து என்பதால் வசூலுக்கு வருபவர் நம் வீட்டு வாசலில்தான் உட்காருவார். குழுத் தோழி கேட்கிறாள், எப்படி மறுப்பது என்ற தயக்கத்தால் பல பெண்கள் இதில் விழுந்திருக்கிறார்கள். அவளுக்கு உண்மையாகவே பணம் தேவையென்றால் குழுவின் உள்கடன் இருக்கிறது, அவள் பெயரிலேயே கேட்கட்டும். வங்கிக் கடனும் இருக்கிறது; 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வங்கிகள் பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "கடன் அனுமதியாகிவிட்டது, முன்பணமாக 2,500 ரூபாயை இந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்று தனிமனிதர் எண்ணைத் தருபவர் கடன் தர வந்தவர் அல்லர்.

இவை எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவாக ஒன்று தெரியும். "போனைக் கட் பண்ணாதீங்க", "யார்கிட்டயும் சொல்லாதீங்க", "இன்னைக்கே முடிக்கணும்" என்ற மூன்றில் ஒன்றாவது எப்போதும் வருகிறது. டிஜிட்டல் கைது என்று இப்போது பேசப்படும் மோசடியில் இது உச்சத்துக்குப் போகிறது. காவலர் உடையில் ஒருவர் காணொலி அழைப்பில் தோன்றி, நம் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், அறையைவிட்டு வெளியே போகக் கூடாது, வீட்டாரிடம் பேசக் கூடாது என்றும் மணிக்கணக்கில் மிரட்டுவார். அப்படி ஒரு கைது முறை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். மோசடிக்காரர் நம்மைப் பயமுறுத்துவதைவிடத் தனிமைப்படுத்துவதையே முக்கியமாக நினைக்கிறார். பக்கத்தில் ஒருவர் இருந்து "யாருடி போன்ல?" என்று கேட்டுவிட்டால் அவருடைய வேலை கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவேதான் குழுக் கணக்குக்கு இருக்கும் இரண்டு கையெழுத்து விதியை நம் சொந்தக் கணக்குக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறேன். எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு துணையைத் தேர்ந்துகொண்டோம். கணவரோ மகனோ ஆகவும் இருக்கலாம். பெரும்பாலானோர் பக்கத்து வீட்டு உறுப்பினரையே சொன்னார்கள். அறியாத ஒருவர் பணத்தைப் பற்றிப் பேசினால், "அக்காகிட்ட கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். உண்மையான வங்கி ஊழியர் நாளைக்கும் கிளையில்தான் இருப்பார். துணையாக இருப்பவரிடம் பின் எண்ணையோ ஓடிபியையோ சொல்ல வேண்டியதில்லை என்பதையும் தெளிவுபடுத்தியிருக்கிறோம். கேட்பது அவருடைய கருத்தை மட்டும்தான். சாவி நம் கையில்தான் இருக்க வேண்டும்.

குழுவின் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கும் இதே கவனம் வேண்டும். இலவசத் தையல் இயந்திரம் பற்றிய செய்தியை எடுத்துக்கொள்வோம். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழ்நாடு அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. அதற்குச் சமூக நலத்துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதோ அதே திட்டத்தைப் போன்ற அறிவிப்போடு, ஆதார் எண்ணையும் கணக்கு எண்ணையும் கேட்கும் ஓர் இணைப்பு. திட்டம் உண்மையாக இருப்பதால்தான் பொய்யான இணைப்பு நம்பப்படுகிறது. குழுவை வழிநடத்தும் ஊக்குநரே அதைப் பகிர்ந்துவிட்டால் இருபது பேரும் நம்பிவிடுவார்கள். அதனால் பொறுப்பில் இருப்பவர்கள், கூட்டமைப்பிலோ வட்டார அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்யாத எதையும் பகிரக் கூடாது. ஊக்குநரின் படத்தை வைத்துப் புதிய எண்ணிலிருந்து "அவசரமாக 2,000 ரூபாய் போடு" என்று வந்தால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் அழைத்து அவர் குரலைக் கேட்ட பிறகே எதையும் செய்ய வேண்டும்.

இவ்வளவு கவனித்தும் பணம் போய்விட்டால் என்ன செய்வது? உடனே 1930. மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்த உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. இதற்கு அவசரம் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். போன பணம் முதல் கணக்கில் அதிக நேரம் தங்குவதில்லை. அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து, பிறகு இன்னும் பலவாகச் சிதறி, கடைசியில் பணமாக எடுக்கப்படுகிறது. நம் புகார் பதிவானதும் அந்தத் தொகை எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். அங்கே தொகை இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் அங்கே போகும். பணமும் புகாரும் ஓட்டப்பந்தயம் ஓடுவதைப் போலத்தான். முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தால் மீட்க வழியிருக்கிறது. மறுநாள் மகன் வரட்டும் என்று காத்திருந்தால் அது குறைந்துகொண்டே போகும். அழைக்கும்போது எந்த வங்கி, எவ்வளவு தொகை, எப்போது போனது என்பதோடு பரிவர்த்தனை எண்ணையும் சொல்ல வேண்டும். யுபிஐயில் அது 12 இலக்கங்களில் இருக்கும், செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். அவர்கள் தரும் ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும்.

அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதில் நமக்குத் துணை. நம் அனுமதியின்றி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாரால் பணம் எடுக்கப்பட்டு, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் வங்கிக்குச் சொல்லிவிட்டால், நமக்கு இழப்பே கிடையாது என்கிறது அது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் நம் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. எளிய அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அது 5,000 ரூபாய். நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆகவே தவறு நம் மேல் இருந்தாலும் உடனே சொல்வதால் பயன் உண்டு. புகாரின் நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பது நாட்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான வழியை 14448 என்ற எண்ணில் கேட்டு அறியலாம். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்டு யாராவது அழைத்தால், அது அதே மோசடியின் இரண்டாம் பாகம்.

ஆடு விற்ற பணத்தை இழந்த எங்கள் உறுப்பினர் நான்கு நாட்கள் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. வீட்டில் திட்டுவார்கள், குழுவில் சிரிப்பார்கள் என்ற பயம்தான். அந்த நான்கு நாட்களை நினைத்தால் 9,000 ரூபாயைவிட அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அடுத்த கூட்டத்தில் நாங்கள் இரண்டு தீர்மானங்களை எழுதினோம். பணத்தை இழந்தவரை எந்த உறுப்பினரும் குறை சொல்லிப் பேசக் கூடாது என்பது ஒன்று. புகார் கொடுக்க வங்கிக்கோ சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கோ போகும்போது அவரைத் தனியே அனுப்பாமல் பொறுப்பாளர் ஒருவர் உடன் செல்ல வேண்டும், இருவருக்குமான பேருந்துக் கட்டணத்தைக் குழுவின் செலவில் எழுதிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பதினாறு பேரும் கையெழுத்திட்டோம். பாஸ்புக் அட்டையின் உள்பக்கத்தில் அவரவர் துணையின் எண்ணையும் 1930 என்ற எண்ணையும் அங்கேயே எழுதி முடித்துவிட்டுத்தான் கூட்டத்தைக் கலைத்தோம்.